வீட்டாள் ரத்தம் வேண்டாம்

"சொந்தக்காரன் ரத்தம் ஆகாது, ஊரான் ரத்தந்தான் ஆகும்னு எந்தக் காலேஜுலட்டி ஒனக்குச் சொல்லிக் குடுத்தான்?"

திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையின் இரண்டாவது மாடி நடைவழியில், பத்துப் பன்னிரண்டு பேர் முன்னால், என் தாய்மாமா என்னிடம் இப்படிக் கேட்டார். அவருடைய முழங்கை மடிப்பில் பஞ்சும் பிளாஸ்திரியும் ஒட்டியிருந்தன. முந்தின நாள் ரத்தம் கொடுத்தபோது போட்டது. அதைப் பிய்க்காமல் பதக்கம் மாதிரி வைத்திருந்தார். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து அவர் வேனில் கூட்டி வந்திருந்த ஆட்கள் சிரித்தார்கள். எங்கள் அப்பாவும் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை.

பதில் எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று வாயில் வரவில்லை. அந்தப் பதிலைச் சொல்வதுதான் என் வேலையே என்பது அதைவிட எரிச்சல்.

சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் விசைத்தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். சத்தம் நின்றால்தான் ஆட்கள் வெளியே வந்து பார்ப்பார்கள், கரண்டு போய்விட்டது என்று அர்த்தம். அப்பாவும் அண்ணனும் கூலிக்குத் தறி ஓட்டினார்கள். அம்மா குறுக்கே ஓடும் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுப்பாள். வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள் நான். அண்ணன் ஆறாம் வகுப்புக்கு மூன்று மாதம் போனான் என்று அம்மா சொல்வாள். அண்ணன் அதை ஒத்துக்கொள்ள மாட்டான். "ரெண்டு மாசந்தான்" என்பான்.

நான் திருநெல்வேலியில் பி.எஸ்சி. உயிர்வேதியியல் சேர்ந்தபோது, "அது படிச்சா என்ன வேலைட்டி கெடைக்கும்?" என்று தெருவில் கேட்டார்கள். சென்னையில் வேலை கிடைத்ததும் கேட்பதை நிறுத்தினார்கள். எனக்கு அதில் பெருமைதான், மறைக்க மாட்டேன். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்ற மறந்துபோனவள் மாதிரி ஒரு முறை சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தில் இறங்கி, வீடுவரை அப்படியே நடந்திருக்கிறேன்.

வேலை, எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கென்றே இருக்கும் ஒரு மையத்தில், வெளிநாட்டு நோயாளிகள் பிரிவில். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் ரத்தம் ஊறுகிறது. சிலருக்கு அது கெட்டுப்போகும், சிலருக்கு வறண்டுபோகும். அப்போது பழைய மஜ்ஜையை மருந்து கொடுத்துத் துடைத்துவிட்டு, பொருத்தமான இன்னொருவருடைய மஜ்ஜையை ஏற்றுவார்கள். கென்யாவிலிருந்தும் ஓமனிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் இதற்காக எங்களிடம் வருகிறார்கள். அவர்கள் அனுப்பும் பரிசோதனை முடிவுகளை ஒழுங்குபடுத்தித் தலைமை மருத்துவருக்கு ஒரு பக்கத்தில் சுருக்கி எழுதுவது, விசாவுக்குக் கடிதம் தயாரிப்பது, விமான நிலையத்தில் பெயர் எழுதிய அட்டையோடு நிற்பது, பக்கத்துத் தெருவில் அடுப்பு உள்ள அறையாகப் பார்த்துப் பிடித்துக் கொடுப்பது எல்லாம் எங்கள் நான்கு பேர் பொறுப்பு.

சிகிச்சை முடிவானதும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கடிதம் போகும். அதில் ஏழு குறிப்புகள். மூன்றாவது, மஜ்ஜை வறண்டுபோன நோயாளிகளுக்கு: ரத்தம் ஏற்றாமல் முடியாது என்றால் ரத்த வங்கியிலிருந்து வாங்கி ஏற்றுங்கள், பெற்றோர், உடன்பிறந்தோர், உறவினர் யாருடைய ரத்தத்தையும் ஏற்றாதீர்கள். இந்தக் கடிதம் ஆங்கிலம், அரபி, வங்காளம், பிரெஞ்சு ஆகிய மொழிகளில் எங்களிடம் தயாராக இருக்கிறது. பெயரை மாற்றி அனுப்பினால் போதும். அனுப்பிய மறுநாள் நானே தொலைபேசியில் அழைத்து, "மூன்றாவது குறிப்பைப் படித்தீர்களா?" என்று கேட்பேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் மொம்பாசாவிலிருந்து ஒரு அப்பா ஒன்பது வயது மகளோடு வந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். எங்கள் கடிதம் கிடைப்பதற்கு முன்பே அவர் மகளுக்கு நான்கு முறை தன் ரத்தத்தைக் கொடுத்திருந்தார். மருத்துவர் அறையில் விஷயம் தெரிந்ததும் எழுந்து நின்றுவிட்டார். "என் ரத்தம் அவளுக்கு விஷமா?" என்று கேட்டார்.

எங்கள் மருத்துவருக்கு ஐம்பது வயதிருக்கும். வேகமாகப் பேசுவார். யாரையும் தோளில் தட்டிக்கொடுத்து நான் பார்த்ததில்லை. "விஷம் இல்லை. ஆனால் உங்கள் குடும்பத்து ரத்தத்தின் அடையாளங்களை அவள் உடம்பு பார்த்துவிட்டது. இது நம்முடையது இல்லை என்று குறித்து வைத்துக்கொண்டது. நாளைக்கு அவள் தம்பியின் மஜ்ஜையை உள்ளே விடும்போது அதே அடையாளங்களைப் பார்த்து விரட்டப் பார்க்கும்" என்றார். அந்த அப்பா கடைசிவரை உட்காரவில்லை. அந்தக் குழந்தைக்கு முதல் முறை மஜ்ஜை பிடிக்கவில்லை. இரண்டாவது முறை பிடித்தது. நடுவில் அவர்கள் பட்ட பாட்டை நான் இங்கே எழுதப்போவதில்லை.

போன பங்குனியில் அண்ணனுக்குப் பல் தேய்த்தால் ரத்தம் வந்தது. கையிலும் தொடையிலும் அடிபடாமலே கன்றிப்போன திட்டுகள். தறியில் எங்கேயாவது இடித்திருப்பேன் என்று சொல்லிக்கொண்டே வேலைக்குப் போனான். ஒரு நாள் தறிக்கூடத்திலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டான். திருநெல்வேலிக்குக் கொண்டுபோய், இடுப்பெலும்பில் ஊசி போட்டுப் பார்த்து, மஜ்ஜை வறண்டுவிட்டது, உடனே ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள்.

அம்மா என்னைக் கூப்பிட்டபோது நான் சென்னை விமான நிலையத்தில், டாக்காவிலிருந்து வரும் ஒரு குடும்பத்துக்காகக் கையில் அட்டையோடு நின்றேன். "ரத்தம் ஏத்தட்டும். ஆனா பேங்க் ரத்தந்தான் ஏத்தணும், நம்ம ஆளுவ யாரும் குடுக்க வேண்டாம். நான் சொன்னா சொன்னதுதான்" என்றேன். "சரி மக்கா" என்றாள் அம்மா. அதற்குள் அந்தக் குடும்பம் தள்ளுவண்டியோடு வெளியே வந்துவிட்டது. நான் போனை வைத்துவிட்டேன். மறுநாள் காலை பஸ் பிடித்தேன்.

மாமா கெட்டவர் இல்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்தில் விட்டுவிடுவேன். அம்மாவுக்கு ஒரே தம்பி. கொஞ்சம் வயலும் ஒரு டிராக்டரும் வைத்திருக்கிறார். அவருடைய மகளை அண்ணனுக்கு என்று எப்போதோ பேசி வைத்தாயிற்று. மருமகன் ரத்தம் இல்லாமல் கிடக்கிறான் என்று கேட்டதும் அவர் செய்தது, வேன் பிடித்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்ததுதான்.

பொதுவாக ரத்த வங்கியில் என்ன செய்வார்கள் என்றால், நோயாளிக்குக் கொடுக்கும் ரத்தத்துக்கு ஈடாக வீட்டாரில் சிலரைக் கொடுக்கச் சொல்வார்கள். கொடுத்தது பொதுவில் சேரும். நோயாளிக்கு வேறு யாருடையதோ வரும். அப்படி விட்டிருந்தால் ஒரு தப்பும் நடந்திருக்காது. எங்கள் ஆட்களுக்கு அதுதான் பிடிக்கவில்லை. "எவம் ரத்தம்னு தெரியாம ஏத்துததா?" என்றார்கள். அந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறது என்று எங்கள் பக்கத்தில் பிறந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மாமாவுக்கு அங்கே வேலை செய்யும் ஒருவரைத் தெரியும். அவரைப் பிடித்து, நாங்கள் கொடுக்கும் பையே எங்கள் பையனுக்கு ஏற வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டார். பையில் ஒட்டியிருந்த சீட்டின் ஓரத்தில் பேனாவால் சின்னதாக 'அப்பா' என்று எழுதியிருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்த 'அப்பா' பாதி இறங்கியிருந்தது. அண்ணன் முகத்தில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது. மாமா கட்டிலோரம் உட்கார்ந்து குழாயில் சொட்டுவதைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மருமவனே, நேத்து எறங்குனது என் ரத்தம். இன்னைக்கு எறங்குதது ஒங்கப்பன் ரத்தம். எதுலே நல்லா இருக்கு?"

"ஒம்ம ரத்தம் ஏறுன பொறவு வாய் சும்மா இருக்க மாட்டேங்கு மாமா" என்றான் அண்ணன். "யாரப் பாத்தாலும் சண்ட போடணும்னு வருது."

"அப்ப சரியாத்தான் ஏறிருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். நான் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "நான் போன்ல என்ன சொன்னேன்?" என்று கேட்டேன்.

"நீ என்னமோ அவசரத்துல சொன்ன. தம்பி வேன் வச்சி வந்து நிக்கான். வேண்டாம்னு எப்படிட்டி சொல்லுவேன்?"

நான் மாமாவை நடைவழிக்குக் கூப்பிட்டு, இனி வீட்டாள் ரத்தம் ஒரு பைகூட ஏற்றக் கூடாது என்றேன். குரல் உயர்ந்திருக்கும். அவரோடு வேன் ஆட்களும் வெளியே வந்துவிட்டார்கள். அப்போதுதான் அவர் எந்தக் காலேஜில் சொல்லிக் கொடுத்தான் என்று கேட்டது. அதோடு விடவில்லை.

"வெள்ளக்காரனுக்கு நாலு லெட்டர் போட்டுட்டா நீ டாக்டராட்டி?"

எனக்கு வாயில் வந்த ஒரே பதில், "எங்க ஆஸ்பத்திரிக்கு வெள்ளக்காரங்க யாரும் வாரதில்ல மாமா" என்பதுதான். அதற்கும் சிரித்தார்கள்.

பணியில் இருந்த மருத்துவரிடம் போனேன். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். தூக்கம் கெட்ட கண்கள். நான் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்றார். "பி.எஸ்சி." "ம்" என்றார். ஆனாலும் உள்ளே போய் யாரிடமோ பேசினார். அன்று ராத்திரியே வங்கி ரத்தம் வந்தது. நான் நான்கு நாள் அங்கேயே காவல் இருந்தேன். ஒவ்வொரு பையின் சீட்டையும் திருப்பிப் பார்த்தேன். செவிலியர்கள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிறகு விடுப்பு முடிந்து சென்னைக்குத் திரும்பினேன். சித்திரை மாதத்தில் அண்ணன் போனில் சாதாரணமாகச் சொன்னான்: சித்தப்பா ஒரு பை, சித்தப்பா மகன்கள் இருவரும் ஆளுக்கு ஒரு பை கொடுத்தார்கள், இப்போது நன்றாக இருக்கிறது.

அவனுக்கு மறைக்கத் தெரியாது. நான் போனைக் கட்டில்மேல் எறிந்தேன்.

அண்ணனோடு பிறந்தவள் நான் ஒருத்தி. ஆனி மாதம் இருவருக்கும் எங்கள் மையத்திலேயே பொருத்தம் பார்த்தார்கள். பத்துக்குப் பத்து. அண்ணனுக்கு அதைக் கேட்டு ஒரே சிரிப்பு. "மாமா மவளுக்கும் எனக்கும் ஜாதகத்துல ஏழு பொருத்தந்தான். ஒனக்கும் எனக்கும் பத்தாம்லா!" என்றான். பிறகு மருத்துவர் என்னைத் தனியாக அழைத்தார். மூன்று வருடமாக நான் மேசைக்கு இந்தப் பக்கம் கோப்போடு நின்றிருக்கிறேன். அன்று அந்தப் பக்கம், குடும்பத்தார் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"குடும்பத்துல யாராவது ரத்தம் குடுத்தாங்களா?"

"அஞ்சு பை, மேடம்."

"யார் யார்?"

அப்பா, மாமா, சித்தப்பா, சித்தப்பா மகன்கள் இருவர். நான் சொன்னேன். அவர் எழுதினார். எழுதி முடித்துவிட்டு, "உனக்குத் தெரியுமே" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

சிகிச்சை செய்யலாம், ஆனால் மஜ்ஜை பிடிக்காமல் போகும் ஆபத்து கூடியிருக்கிறது, கூடுதலாக ஒரு மருந்து சேர்க்க வேண்டும், இனி வீட்டார் ரத்தம் ஒரு பைகூடக் கூடாது, ஆடி முடிவதற்குள் கூட்டி வா என்றார். எழுந்தபோது மொம்பாசா அப்பா அன்று உட்காராமல் நின்ற இடம் கண்ணில் பட்டது. வெளியே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

வங்காளம் பேசும் குடும்பங்களைப் பார்த்துக்கொள்ளும் பெண் என் பக்கத்து மேசை. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நீ வீட்டுக்கு லெட்டர் அனுப்பலையா?" என்றாள். குத்திக்காட்டவில்லை, தெரியாமல்தான் கேட்டாள்.

தமிழில் அந்தக் கடிதம் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று வருடமாக அதே அறையில் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு நாளும் தோன்றவில்லை. பிரிவு மேலாளரிடம் போய்க் கேட்டேன். "தமிழ்க்காரங்க இங்கேதானே இருக்காங்க. நேர்ல சொல்லிக்கலாமே" என்றார். நேரில் சொல்லித்தான் ஐந்து பை ஏறியது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஏனென்றால் நான் நேரிலும் சரியாகச் சொல்லவில்லை. மொம்பாசாவுக்கு மரியாதையாக ஏழு குறிப்பும் காரணமும் எழுதி, மறுநாள் போன் போட்டும் கேட்பேன். என் அம்மாவுக்கு விமான நிலைய வாசலில் நின்றுகொண்டு இரண்டு வரி. நான் சொன்னா சொன்னதுதான். படித்தவள் சொல்கிறாள், கேட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்று நினைத்திருக்கிறேன். மாமா கேட்டது நக்கல்தான். ஆனாலும் அது ஒரு கேள்வி. அந்த நடைவழியில் நான் அவருக்குக் காரணமே சொல்லவில்லை.

கடிதத்தைத் தமிழில் எழுத எனக்கு மூன்று சாயங்காலம் ஆனது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் முடிகிற இடத்தில் தமிழில் நின்று நின்று எழுத வேண்டியிருந்தது. மூன்றாவது குறிப்பு மட்டும் ஒரு பக்கத்துக்கு வந்தது. 'மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு' என்று மேலே எழுதினேன்.

ஆடியில் ஊருக்குப் போனேன். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்த கூட்டத்தில் ரத வீதிப் பக்கம் கால்வைக்க இடமில்லை. அண்ணனை ஒரு நிமிடம் கோயிலுக்குக் கூட்டிப் போய் வந்துவிடலாம் என்று அம்மா கேட்டாள். கூட்டத்தில் ஒருவர் இருமினால்கூட அவனுக்குத் தாங்காது என்று சொன்னேன். இந்த முறை காரணத்தோடு சொன்னேன். அம்மா முனகிவிட்டு, தான் மட்டும் போய் வந்தாள். சென்னைக்குப் புறப்படுமுன் திங்கட்கிழமை அண்ணனுக்கு இன்னொரு முறை ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. "ஒம் மாமன் ஆளுவள சொல்லி வச்சிருக்கானாம். அவனும் குடுத்து மூணு மாசம் தாண்டிட்டாம்லா, திரும்பவும் குடுக்கலாமாம்" என்றாள் அம்மா.

சனிக்கிழமை காலையில் கரிவலம்வந்தநல்லூர் பஸ் ஏறினேன். மாமா வீட்டு முன்னால் வயலுக்கு மருந்தடிக்கிற பம்பைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிரவில்லை. உறையை நீட்டினேன்.

"என்னது?"

"ஒங்களுக்கு லெட்டர் மாமா."

"எனக்கு லெட்டரா? நான் என்ன வெளிநாட்டுக்காரனா?"

"அவங்களுக்கு எழுதுதத ஒங்களுக்கு எழுதலல்லா. அது என் தப்பு."

கையில் எண்ணெய் இருந்தது. "அவட்ட குடு, படிக்கட்டும்" என்று வாசலைக் காட்டினார். அண்ணனுக்குப் பேசி வைத்திருக்கும் மதினி அங்கே நின்றாள். அவள் பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற குரலில் படிக்க ஆரம்பித்தாள். அத்தை காப்பியோடு வந்து அப்படியே நின்றாள். மூன்றாவது குறிப்புக்கு வந்ததும் மதினியின் வேகம் குறைந்தது. நீங்கள் கொடுத்தது பிரியத்தால் கொடுத்தது, அதில் குற்றம் இல்லை, ஆனால் அவன் உடம்பு அதைப் பார்த்துக் குறித்து வைத்துக்கொண்டது என்ற வரியை அவள் தானாகவே இரண்டாவது முறை படித்தாள்.

மாமா பம்பைக் கீழே வைத்தார். "அப்ப நான் குடுத்தது அவனுக்கு வெசமா?"

"வெசம் இல்ல மாமா." மருத்துவர் சொன்னதை அப்படியே எங்கள் பேச்சில் சொன்னேன்.

"ஒன் மஜ்ஜைய ஏத்துனாலும் அவன் ஒடம்பு வெரட்டுமா?"

"வெரட்டலாம். வெரட்டாமலும் போவலாம்."

"உறுதியாச் சொல்லு."

"தெரியல மாமா. டாக்டரே அப்படித்தான் சொல்லுதாவ."

"தெரியலன்னு சொல்லத்தான் இம்புட்டுப் படிச்சியா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் இந்த முறை யாரையும் சிரிக்க வைப்பதற்காகக் கேட்கவில்லை. கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்தும் எனக்குக் கோபம் போகவில்லை, பாவமும் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

"திங்கக்கெழம ஏழு பேரு வாரானுவ" என்றார். "அவனுவகிட்ட என்னன்னு சொல்லி நிறுத்த?"

"நிறுத்த வேண்டாம். வரட்டும், குடுக்கட்டும். அது வேற யாருக்காவது போவட்டும். அண்ணனுக்கு பேங்க்ல இருக்கது வரட்டும்."

"எவம்னு தெரியாம..." என்று அத்தை தொடங்கினாள்.

"எம்மா, நீ சும்மா இரு" என்றாள் மதினி. "தெரிஞ்சவன் குடுத்து அஞ்சு பை ஏறி, இப்ப பயந்துட்டு ஒக்காந்துருக்கோம். எனக்கு அத்தான் பொழைச்சாப் போதும். எவன் குடுத்தா என்ன?"

அத்தை காப்பியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை ஏழு பேரும் வந்தார்கள். மாமா அவர்களை ரத்த வங்கி வாசலில் நிறுத்தி விஷயத்தைச் சொன்னார். "மாப்ளைக்குன்னு சொல்லிக் கூட்டியாந்தீரு, இப்ப ஊரானுக்குங்கீரு. என்னவே இது?" என்று கேட்டுவிட்டு இரண்டு பேர் அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்கள். ஐந்து பேர் கொடுத்தார்கள். மாமாவும் கொடுத்தார். ஊசி குத்திய பெண்ணிடம், "இது யாருக்குப் போவும்?" என்று கேட்டார். "தெரியாது சார்" என்றாள். "அவனுக்குப் போவாதுல்லா?" என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். அண்ணனுக்கு ஏறிய பையின் சீட்டை நான் போய்ப் பார்ப்பதற்கு முன் அவர் பார்த்துவிட்டார். எண்கள் மட்டும் இருந்தன.

அதன் பிறகு மாமா என்னிடம் நேராகப் பேசவில்லை. ரயிலேற்றிவிட வந்தபோதுகூட மதினியைப் பார்த்துத்தான் சொன்னார்: "இனி லெட்டர் கிட்டர் போட வேண்டாம்னு அவட்ட சொல்லு. நேர்ல சொன்னாக் கேக்க மாட்டமா?"

நேரில்தானே முதலில் சொன்னேன்! பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டியைத் தூக்கி வைத்தேன்.

இப்போது அண்ணன் எங்கள் மையத்தில், கண்ணாடிக் கதவு போட்ட தனி அறையில் இருக்கிறான். பக்கத்து அறையில் ஓமன்காரர் ஒருவர். இருவரும் கண்ணாடி வழியாகக் கையாட்டிக்கொள்கிறார்கள், ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாது. தமிழ்க் கடிதத்தை நான் தட்டச்சு செய்து மேலாளரிடம் கொடுத்திருக்கிறேன். மூன்று முறை கேட்டுவிட்டேன். "பார்க்கலாம்" என்கிறார். தார் சுற்றுவதை விட்டுவிட்டுக் கூடவே தங்கியிருக்கும் அம்மா, கல்யாணம் ஆகாத பொம்பளைப்பிள்ளையின் இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தால் பின்னால் பிள்ளைப்பேறுக்கு என்னாகும் என்று தினமும் கேட்கிறாள். ஒன்றும் ஆகாது, சில வாரத்தில் எனக்கு அது திரும்ப ஊறிவிடும் என்று தினமும் சொல்கிறேன். மருத்துவரும் சொல்லிவிட்டார். அம்மா தலையாட்டுகிறாள், மறுநாள் திரும்பக் கேட்கிறாள். சில நாள் நான் காரணத்தோடு சொல்கிறேன். சில நாள் கத்திவிடுகிறேன்.

மஜ்ஜை பிடிக்குமா என்று யாருக்கும் தெரியாது. அண்ணனிடம் மிச்சம் இருக்கும் கொஞ்ச மஜ்ஜையையும் துடைக்கும் மருந்து தொடங்கிவிட்டால் நான் பின்வாங்க முடியாது. பின்வாங்கினால் அவனுக்கு அவனுடையதும் இருக்காது, என்னுடையதும் இருக்காது. அதனால் மருந்துக்கு முன்னால் கொடையாளி கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் படிவத்தை நான் எத்தனையோ பேருக்கு வரி வரியாகப் படித்துக் காட்டியிருக்கிறேன். நேற்று காலையில் எனக்கு நானே படித்துக்கொண்டு, இரண்டு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். மதியம் அண்ணனுக்கு முதல் மருந்து ஏறத் தொடங்கியது.